நோய் அறைக்காரரைக் கட்டிக்கொண்டவர்

பழத்தோட்டம் உள்ள இடத்தில் அந்துப்பூச்சியை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏராளம். அந்துப்பூச்சியை வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர்தான். அவரைப் புழுவம்மா என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பேரின் பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னவரிடமே விட்டுவிடுவார்.

அவர் இந்த வேலைக்கு வந்தது சமையல்காரியாக. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மாவு பிசைந்துகொண்டிருந்த ரொட்டிக்கடையை மூடிவிட்டார்கள். அந்த வாரமே ஆப்பிள் தோட்டக்காரர்கள் சங்கத்தின் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது: "தினமும் இரண்டாயிரம் பேருக்குக் கூழ் காய்ச்சப் பெண் தேவை." ஏதாவது விடுதியாக இருக்கும் என்று போனார். மக்காச்சோள மாவு, கோதுமை முளை, ஈஸ்ட், கடற்பாசித் தூள் எல்லாம் கொடுத்தார்கள். கட்டி தட்டாமல் காய்ச்சி, தட்டுகளில் ஊற்றி ஆறவைத்துவிட்டு, "சாப்பிடுறவங்க எப்போ வருவாங்க?" என்று கேட்டார். ஒரு மெழுகுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். குண்டூசித் தலையில் பாதிகூட இல்லாத முட்டைகள், கண்ணாடித் துளிகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. "இவங்கதான்" என்றார்கள்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். புழுவம்மா தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு முட்டைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி. "அது என்ன?" என்று கேட்டார். "தலை" என்றார்கள். தலை வெளியே வருவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவர்தான். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லாத ஆட்களுக்குச் சமைப்பது அதற்கு முன் அவருக்கு வாய்த்ததில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கத்தின் பழைய குளிர்பதனக் கிடங்குதான் இப்போது ஆய்வுக்கூடம். நீளமான கட்டடம். ஒரு முனையில் வளர்ப்பு அறை. அது புழுவம்மாவின் ராஜ்யம். வலை உருளைகளுக்குள் அந்துப்பூச்சிகள் பறக்கும், சுற்றிலும் ஒட்டிய மெழுகுத்தாளில் முட்டையிடும். தாளை நறுக்கிக் கூழ்த்தட்டின் மேல் வைத்தால் புழு பொரிந்து இறங்கும். தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு புழு. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். "இத்தனைக்கும் அதுங்களுக்கு உத்தியோக உயர்வுகூடக் கிடையாது" என்பார்.

மறு முனையில் நோய் அறை. கொழுகொழுவென்று வளர்ந்த புழுக்களில் ஒரு பங்கு அங்கே போகும். அங்கே கூழோடு ஒரு வைரஸையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது புழுவின் வயிற்றுக்குள் போய்ப் பெருகிப் பெருகி, ஒரு வாரத்தில் புழுவே கரைந்து பையில் ஊற்றிய பால் மாதிரி ஆகிவிடும். அதை அரைத்து, வடிகட்டி, புட்டியில் அடைத்துக் குளிரில் வைப்பார்கள். தோட்டக்காரர் வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீரில் கலந்து மரத்துக்குத் தெளிப்பார். வெயில் பட்டால் சரக்கு கெட்டுவிடும். புதிதாகப் பொரிந்த காட்டுப்புழு ஆப்பிளைத் துளைக்கப் போகும்போது தோலில் ஒரு வாய் கடிக்கும். அந்த ஒரு வாயோடு அதன் கதை முடிந்தது. தேனீக்கு ஒன்றும் ஆகாது, நாய்க்கு ஒன்றும் ஆகாது, தெளித்தவருக்கும் ஒன்றும் ஆகாது. அதே இலையில் உட்கார்ந்திருக்கும் வேறு ஜாதிப் புழுவுக்குக்கூட ஒன்றும் ஆகாது. இவ்வளவு குறி பார்த்து அடிக்கிற ஆயுதத்தை எந்த ராணுவமும் செய்து முடித்ததாகத் தெரியவில்லை. ஏக்கருக்கு நானூறு புழு போதும்.

ஊழியர்கள் வளர்ப்பு அறையைப் பிறந்த வீடு என்பார்கள். நோய் அறையை மாமியார் வீடு. பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்து அங்கே அனுப்பினால் வேறென்ன பேர் வைப்பார்கள்? மாமியார் வீட்டின் பொறுப்பாளருக்கு மாப்பிள்ளை என்று பேர்.

இந்தக் கட்டடத்தின் முதல் சட்டம்: பிறந்த வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. புழுவும் வராது, தட்டும் வராது, ஆளும் வரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளி நோய் வளர்ப்பு அறைக்குள் நுழைந்தால் மொத்தக் குடும்பமும் போய்விடும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தனி வாசல், தனி சாப்பாட்டு நேரம், தனிக் குழாய். நடுச்சுவரில் இரட்டைக் கதவு போட்ட ஓர் அலமாரி. இந்தப் பக்கம் புழுவம்மா தட்டை வைத்துக் கதவை மூடுவார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை கதவைத் திறந்து எடுப்பார். பல வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

புழுவம்மாவுக்குத் தட்டில் சீட்டு ஒட்டும் வழக்கம். எல்லாரும் தேதி எழுதுவார்கள். இவர் குணமும் எழுதுவார். "இந்தத் தட்டு கொஞ்சம் சோம்பேறி. ஒரு நாள் கூட விட்டுப் பார்க்கவும்." "மூன்றாவது வரிசை ரொம்பக் கோபக்காரர்கள்." மாப்பிள்ளைக்குப் பதில் எழுத ஆசை. ஆனால் அலமாரி ஒருவழிப் பாதை. நான்கு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில், விதிப்படி பத்தடி தள்ளி நின்று, அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "உங்க சோம்பேறிங்க ரொம்ப நல்லபடியா செத்தாங்க."

இதைவிடக் கவித்துவமாகப் பேசிவிட்டு ஏமாற்றியவர்களைப் புழுவம்மா பார்த்திருந்தார். கல்யாணம் நடந்தது.

மேலாளருக்குத்தான் தூக்கம் போயிற்று. அவருக்கு ஊழியர்கள் வைத்த பேர் சுற்றறிக்கையார். நாற்காலி ஆடினால் மற்றவர்கள் காலுக்கு அட்டை மடித்து வைப்பார்கள். அவர் சுற்றறிக்கை விடுவார். பிறந்த வீடும் மாமியார் வீடும் ஒரே கூரைக்கடியில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று பதினான்கு விதிகள் எழுதினார். கணவர் வேலையிடத்திலேயே தலைக்குக் குளிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி குளிக்க வேண்டும். வேலைத்துணி வீட்டுக்கு வரக் கூடாது. தனிச் சீப்பு, தனித் துண்டு, தனிச் செருப்பு. காலையில் மனைவி முதலில் கிளம்ப வேண்டும். அவர் கிளம்பும்வரை கணவர் தன் வேலைப் பையைத் தொடக் கூடாது. பன்னிரண்டாவது விதியை இங்கே எழுத முடியாது. அதைத் தட்டச்சு செய்யவே ஆள் கிடைக்காமல் கையால் எழுதி ஒட்டினார். ஒன்பது வருஷம் அந்தப் பதினான்கையும் இருவரும் மீறவில்லை. பன்னிரண்டாவதைப் பற்றி மட்டும் நாம் விசாரிக்கவில்லை.

ஒன்பது வருஷமாக மாப்பிள்ளையின் அக்கா மட்டும் இந்த ஏற்பாட்டோடு சண்டையில் இருந்தார். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் அந்த நாத்தனார், சட்டைக்குப் பொத்தான் வைத்தபடியே கேட்பார்: "என் தம்பி என்ன சொறி புடிச்ச நாயா? வாசல்லயே குளிக்க வைக்கிறியே."

"நாயா இருந்தா கவலையே இல்லை அண்ணி, அதுக்கு இந்த நோய் ஒட்டாது" என்பார் புழுவம்மா.

பழம் வாங்கப் போனாலும் இவர் ஒரு தினுசு. மற்றவர்கள் பளபளப்பாகப் பொறுக்குவார்கள். இவர் தோலில் கடுகளவு தழும்பு இருக்கிற ஆப்பிளைத் தேடுவார். கடைக்காரர் ஒரு தடவை, "அது புழு கடிச்சதும்மா" என்று நல்ல மனதோடு எச்சரித்தார். "கடிச்சவன் செத்துட்டான்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் அந்தக் கடைக்காரர் இவரிடம் விலை கூட்டிச் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இந்த வருஷம், மரங்கள் இலையில்லாமல் நிற்கிற மாதத்தில், வளர்ப்பு அறையின் மூன்றாம் தட்டில் மூன்று புழுக்கள் வெளுத்துக் கிடந்தன. கூழ் புளித்திருக்கும் என்று புழுவம்மா நினைத்தார். அடுத்த வாரம் நாற்பது. அதற்கடுத்த வாரம் முந்நூறு. மருந்துத் தண்ணீர் தெளித்தார், தட்டுகளை எரித்தார், சுவரைக் கழுவினார். வெளுப்பு நிற்கவில்லை. நோய் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

சங்கத் தலைவர் வந்து பார்த்தார். அறுபது ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிற, குறைவாகப் பேசுகிற மனிதர். "பூ உதிர்ந்து சில வாரத்துல காட்டுப்புழு பொரிஞ்சிடும். அப்போ கையில புட்டி இருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

சுற்றறிக்கையார் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை. "நோய் அறையிலிருந்து வளர்ப்பு அறைக்கு வழி ஒண்ணுதான். அது உங்க வீடு. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையை விடணும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை கூட்டம். நீங்க சொல்லலைன்னா நாங்க சொல்றோம்."

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். தைத்த துணியைக் கொடுக்க வந்த நாத்தனார், விஷயம் தெரிந்ததும் போக மறந்துவிட்டார்.

"நான் விட்டுடறேன்" என்றார் மாப்பிள்ளை. "நீ போனா அந்தக் கூழைக்கூட யாராலயும் கட்டி தட்டாம காய்ச்ச முடியாது."

"விட்டுட்டு?"

"எங்கேயாவது வேலை தேடறேன்."

"என்ன தெரியும்னு கேப்பாங்க" என்றார் நாத்தனார். "புழுவுக்கு நோய் வைக்கத் தெரியும்னு சொல்லு. மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க."

"அக்கா, நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்துதான் ஒன்பது வருஷம் ஆச்சு. தினம் ரெண்டு வேளை குளிச்சான் என் தம்பி. கோயில் யானைகூட அவ்வளவு குளிக்காது. கடைசில பழி மட்டும் அவன் மேல."

புழுவம்மா மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கப் போகிறது என்று நாத்தனார் முந்தானையைத் தயாராக எடுத்தார்.

"என்னங்க" என்றார் புழுவம்மா. "போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி உங்க சீப்பைக் குடுங்க."

"சீப்பா?"

"சீப்பு, துண்டு, சாவிக்கொத்து, ஃபோன், செருப்பு. எல்லாத்தையும்."

மாப்பிள்ளைக்கு மனைவியின் முகத்தில் இருப்பது சோகம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டைக்குள் கறுப்புப் புள்ளியைப் பார்த்த அன்றைக்கு இருந்திருக்கக்கூடிய முகம் அது.

யோசனை எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத நோயை மனுஷக் கண் பார்க்காது. புழுவின் வயிறு பார்க்கும். நோய் வந்த அறையில் முட்டைகளுக்குள் மட்டும் இன்னும் தொற்று இல்லை. மேலே ஒட்டியிருந்தாலும் மருந்துத் தண்ணீரில் அலசினால் போய்விடும். அலசிய முட்டைகளிலிருந்து முந்நூறு புழு எடுத்து, சந்தேகப்படுகிற சாமான் ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கூழில் தடவி, சாமானுக்கு இருபது புழு என்று விடுவது. எந்தத் தட்டு வெளுக்கிறதோ அந்தச் சாமான் குற்றவாளி.

கட்டடத்தில் பூட்டிக் கிடந்த எடை அறையைக் கேட்டு வாங்கினார். சுற்றறிக்கையார் அனுமதி கொடுத்தார். அதற்கும் ஒரு சுற்றறிக்கை விட வாய்ப்பிருந்தது காரணமாக இருக்கலாம். வேலைப் பையையும் சேர்த்து மாப்பிள்ளையின் சாமான் ஆறு. வீட்டுக் கதவின் தாழ்ப்பாள். நாத்தனாரின் கத்தரிக்கோல், "என்னையுமா?" என்று கேட்டாலும் பெருமையோடுதான் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் தேநீர்க் குடுவை, மின்சாரப் பெட்டியின் கைப்பிடி, இரட்டைக் கதவு அலமாரி. கடைசியாக மேலாளர் அறைக்குப் போனார்.

"உங்க மூக்குக்கண்ணாடி சார்."

"நான் என்ன பண்ணேன்?"

"எல்லாரும் அதையேதான் சார் கேக்கறாங்க."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மேஜை மேல் தூய்மைப் பதிவேடு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் சுற்றறிக்கையார் கொண்டுவந்த சீர்திருத்தம் அது: தினமும் காலை, மதியம், மாலை ஊழியர் ஒன்பது பேரும் "கை கழுவினேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனா தொலைந்துவிடாமல் பதிவேட்டிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புழுவம்மா அட்டையை ஒரு பஞ்சாலும் பேனாவை இன்னொரு பஞ்சாலும் துடைத்தார். பதினான்கு சாமான். பதினைந்தாவது தட்டுக்கு வெறும் சுத்தமான தண்ணீர். புழு தானாகச் சாகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா.

எட்டு நாள். தினமும் வேலையெல்லாம் முடித்து, வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாக எடை அறைக்குப் போவார். அங்கே போனபின் வளர்ப்பு அறைப் பக்கம் தலைவைக்க மாட்டார். அவரும் மாப்பிள்ளை மாதிரியே இரண்டு முறை குளித்தார். "குடும்பமே மீன் ஆயிடுச்சு" என்றார் நாத்தனார்.

நான்காம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் லென்ஸை வைத்துப் பார்த்தபோது ஒரு தட்டில் புழுக்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தன. அரிசியில் பாதி அளவுகூட இல்லாத புழுக்கள். இளஞ்சிவப்பு போய்ப் பாலில் நனைத்த நூல் மாதிரி ஆகியிருந்தன. எல்லாமே குழியின் சுவரில் ஏறி மேலே போக முயன்றன, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல. தூரிகை நுனியால் ஒன்றைத் தொட்டார். தோல் கிழிந்துவிட்டது, உள்ளே புழு என்று எதுவுமே இல்லை, வெள்ளைத் துளி மட்டும்.

பதினெட்டு வருஷம் லட்சக்கணக்கில் அனுப்பியவர், சாவு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. தன் அறையில் வெளுத்தவற்றைப் பதறிப்போய் எரித்தாரே தவிரப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டார்: "மேல ஏறுதே, ஏன்?"

"எல்லாம் ஏறும்" என்றார் மாப்பிள்ளை. "மரத்துல இருந்தா மேல போய் செத்து உருகும்போது சொட்டு கீழ இலைல விழும். அடுத்தவனுக்குக் கிடைக்கும். ஏறச் சொல்றது புழு இல்லை, உள்ள இருக்கிறவன்."

"உங்களுக்கு இது தெரியுமா? என்கிட்டே சொல்லவே இல்லையே."

"சாப்பிடற நேரத்துல சொல்ற விஷயமா இது?"

"சாப்பிடாத நேரத்துல சொல்லியிருக்கலாம்." ஒன்பது வருஷத்தில் கணவர் மறைத்த ஒரே ரகசியம் இதுதானா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "சரி, இப்போ முழுசா சொல்லுங்க."

எட்டாம் நாள் எண்ணிக்கை தெளிவாக இருந்தது. சீப்புத் தட்டில் இருபதும் உயிரோடு. துண்டு, சாவி, ஃபோன், செருப்பு, பை எல்லாம் உயிரோடு. கத்தரிக்கோல் உயிரோடு. தாழ்ப்பாளிலிருந்து மூக்குக்கண்ணாடிவரை மற்றவையும் உயிரோடு. சுத்தத் தண்ணீர் உயிரோடு. பதிவேட்டின் அட்டையில் பத்தொன்பது சாவு. பேனாவில் இருபதுக்கு இருபது.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இதைச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றார்.

ஏன் என்று புழுவம்மாவுக்கும் தெரியும். அந்தப் பதிவேடு நோய் அறையில் ஆரம்பித்து வளர்ப்பு அறைக்கு வரும். ஒரே பதிவேடாக இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது சுற்றறிக்கையாரின் கொள்கை. வேலைக்கு நடுவே கையுறையைக் கழற்றி, கை கழுவி, துடைத்து, "கை கழுவினேன்" என்று எழுதி, மறுபடி கையுறை மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? நோய் அறையில் மாப்பிள்ளை, புழு கரைந்த கையுறையோடேயே கையெழுத்துப் போட்டார். பேனா பயணம் செய்தது. வளர்ப்பு அறையில் புழுவம்மா தன் கையுறையோடேயே கையெழுத்துப் போட்டார், அதே கையால் முட்டைத்தாளை எடுத்தார். சுத்தத்துக்குச் சாட்சி சொல்ல வந்த பேனாதான் அழுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பதினான்கு விதிகளை ஒன்பது வருஷம் மீறாத தம்பதி, மூன்று மாதமாக நாளைக்கு மூன்று பொய் எழுதியிருந்தார்கள். பொய்க் கையெழுத்துக்கு வேலை நீக்கம் என்று அதே பதிவேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது.

"பேசாம நான் விலகிடறேன்" என்றார் மாப்பிள்ளை. "ஒருத்தர் வேலையாவது மிஞ்சும்."

"நீங்க விலகினா நோய் விலகாது. பேனா அங்கேயேதான் இருக்கும். ஒரு மாசத்துல மறுபடி வெளுக்கும். அப்போ யாரை அனுப்புவாங்க?"

"அதுக்குள்ள பதிவேட்டை வேற காரணம் சொல்லி நிறுத்திட்டா?"

புழுவம்மா யோசித்துப் பார்த்தார். "அந்த மனுஷன் நிறுத்தி நான் எதையும் பார்த்ததில்லை."

சனிக்கிழமை மதியம் கூட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவரும் சுற்றறிக்கையாரும். இந்தப் பக்கம் தம்பதி. நடுவில் நாடா ஒட்டி மூடிய பதினைந்து தட்டுகள்.

புழுவம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சீப்பு வந்தபோது தலைவர் குனிந்து எண்ணினார். கத்தரிக்கோல் வந்தபோது, "இது யாருது?" என்றார். "நாத்தனாருது." "உயிரோடதான் இருக்கா?" "இருபதும், ஐயா." தலைவர் தலையாட்டினார், அவருக்கும் சகோதரிகள் இருந்திருக்க வேண்டும்.

பதிவேடு வந்தது.

"இது சாத்தியமே இல்லை" என்றார் சுற்றறிக்கையார். "கை கழுவிட்டுத்தானே கையெழுத்துப் போடறாங்க? பாருங்க, எல்லா நாளும் எழுதியிருக்கு. பதிவேட்டிலேயே இருக்கு." பதிவேட்டைத் திறக்கக் கை நீட்டியவர் நடுவழியில் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிக்கும் முன் புழுவம்மா சொல்லிவிட்டார்: "நான் கழுவலை சார்."

"மூணு மாசமாவா?"

"முதல் வாரம் கழுவினேன்."

"நான் ரெண்டு நாள் கழுவினேன்" என்றார் மாப்பிள்ளை. "அப்புறம் கையுறையோடதான்."

சுற்றறிக்கையாரின் முகம் வெளுக்கவில்லை, மலர்ந்தது. "அப்போ இது பொய்க் கையெழுத்து. ஒப்புக்கிட்டாங்க. தலைவரே, முதல் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு..."

"இருங்க" என்றார் தலைவர். புழுவம்மாவிடம் திரும்பி, "கையுறை ஒண்ணு குடும்மா" என்று வாங்கி மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் தானே திறந்தார். பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "'நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்.' இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"நேர்ல பாத்தீங்களா?"

"பதிவேட்டைப் பாத்தேன்" என்றார் சுற்றறிக்கையார்.

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். தொண்ணூறு நாள், ஒன்பது பேர், அடியில் ஒருவர். "பொய்க் கையெழுத்துப் போட்டவங்களை எல்லாம் அனுப்பணும்னா கட்டடத்துல புழு மட்டும்தான் மிஞ்சும்" என்றார். "அதுவும் இப்போ மிஞ்சலை." மூடினார். "இதை எரிச்சிடுங்க. பேனாவையும். புதுசு வாங்க வேண்டாம். கை கழுவினவன் கையை மோந்து பாத்தா சோப்பு வாசம் வரும், அது போதும்."

"அப்போ இவங்க ரெண்டு பேர்ல யாரு..." என்று சுற்றறிக்கையார் இழுத்தார்.

தலைவர் பேனாவுக்கான புழுத்தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருஷமா தெளிக்கிறேன்" என்றார். "செத்ததை இன்னிக்குத்தான் பாக்கறேன். எல்லாம் மேலயே ஏறிக் கெடக்கே, ஏன்?"

"ஏறச் சொல்றது புழு இல்லைங்க ஐயா, உள்ள இருக்கிறவன்" என்று ஆரம்பித்த புழுவம்மா முழுசாகச் சொன்னார். தலைவர் நடுவே இரண்டு கேள்வி கேட்டார். இரண்டாவதுக்கு மாப்பிள்ளை பதில் சொன்னார். மூன்றாவதுக்கு இருவருக்கும் பதில் தெரியவில்லை. அதைத் தெரியாது என்றே சொன்னார்கள்.

தலைவர் தட்டைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க. எனக்கு நூறு புட்டி வேணும்."

"எல்லாத்தையும் எரிச்சிட்டு, அலசின முட்டைலேர்ந்து முதல்ல இருந்து வளர்க்கணும். அறுபதுதான் ஆகும்."

"எண்பது."

"அறுபதுங்க ஐயா. மிச்சத் தோட்டத்துக்கு இந்த வருஷம் பழத்துக்குப் பழம் காகித உறைதான் போடணும்."

"எழுபதாவது போடக் கூடாதா?"

"என்கிட்ட பேரம் பேசலாம்" என்றார் புழுவம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "புழுகிட்ட யார் பேசறது?"

தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, வீட்டில் எப்படியோ அப்படியே, கையை விரித்தார். அறுபது என்று முடிவாயிற்று.